கல்லாவில் வரும் பேச்சு மேடையில் ஏன் வருவதில்லை?

தொழில் சங்க ஆண்டு விழாக்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. நூல் விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி மில்காரரிடம் மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் முதலாளி, மைக் முன்னால் வந்ததும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுப்பார். மேடையில் இருப்பவர்களைப் பட்டம் பதவியோடு விளித்து முடிப்பதற்குள் அவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விடும். மீதி நேரத்தில் கடின உழைப்பு, விடாமுயற்சி, இளைஞர்கள் கையில் நாடு. சொந்தத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பந்தியில் உட்கார்ந்த பிறகு பாருங்கள். அதே மனிதர் பக்கத்து இலைக்காரரிடம் சாயப்பட்டறைச் சிக்கலைக் கணக்கோடும் கிண்டலோடும் விளக்கிக்கொண்டிருப்பார். எதிர் வரிசைக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

இவருக்குப் பேச வராது என்று எப்படிச் சொல்வது? மேடைக்கென்று வேறொரு குரல் வேண்டும் என்று அவர் நம்புவதுதான் கோளாறு.

அந்த நம்பிக்கை வந்த வழியும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் மேடையை வளர்த்தவை அரசியலும் பட்டிமன்றமும். அண்ணா பேசுகிறார் என்றால் இரவு எந்நேரமானாலும் காத்திருந்த கூட்டமும், சாலமன் பாப்பையாவின் தீர்ப்புக்காகப் பண்டிகை நாளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த குடும்பங்களும் உள்ள ஊர் இது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப்செட் தயாரிப்பவர் தன்னை அளந்து பார்த்தால் வாய் கட்டிப்போகாமல் என்ன செய்யும்? ஆனால் பம்ப்செட் வாங்க வந்தவர் அடுக்குமொழியை எதிர்பார்த்து வரவில்லை. இந்த விலை ஏன், பழுதானால் யார் வருவார், சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா என்பதைத்தான் அவர் கேட்க வந்திருக்கிறார்.

லலிதா ஜுவல்லரி உரிமையாளர் கிரண்குமாரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய தமிழில் வேற்றுமொழிச் சாயல் நன்றாகவே தெரியும். இலக்கண சுத்தம் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் விளம்பரத்தில் தானே கேமரா முன் நின்று, எங்கள் விலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் நாலு கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அவர் சொன்னது தமிழ்நாடு முழுக்கப் பதிந்துவிட்டது. கேலி செய்து வீடியோ போட்டவர்கள்கூட அவர் என்ன சொன்னார் என்பதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். விளம்பரத்துக்காகச் செலவழித்த பணத்தின் பங்கு இதில் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் கொடுத்துப் பிரபல நடிகர்களை நிறுத்திய எத்தனை நகைக்கடை விளம்பரங்களின் வாசகம் இன்று யாருக்காவது நினைவிருக்கிறது?

பயமே இல்லாதவர்களுக்குத்தான் பேச்சு வரும் என்பது இன்னொரு தவறான எண்ணம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் இளம் வயதில் கூட்டத்தின் முன் நின்று பெயரைச் சொல்லவே நடுங்கியவர். நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தபோது டேல் கார்னகி பேச்சுப் பயிற்சி வகுப்பின் விளம்பரத்தைப் பார்த்துப் போய் 100 டாலருக்குக் காசோலை கொடுத்தார். வெளியே வந்ததும் மனம் மாறி வங்கிக்குச் சொல்லி அதை நிறுத்திவிட்டார். சொந்த ஊரான ஒமாஹாவுக்குத் திரும்பிய பிறகு அதே வகுப்பில் மறுபடி சேர்ந்தார். இந்த முறை 100 டாலரை ரொக்கமாகவே கட்டிவிட்டார், பின்வாங்க வழியில்லாமல். பின்னாளில் மனைவியான சூசனிடம் திருமணச் சம்மதம் கேட்டதும் அந்த வகுப்பு நடந்த நாட்களில்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வகுப்பு முடிந்தது 1952இல். கற்றது மறந்துவிடும் என்ற அச்சத்தில் அவர் உடனே ஒமாஹா பல்கலைக்கழகத்தில் முதலீடு பற்றிய மாலை நேர வகுப்பு எடுக்கப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அவரைவிட வயதில் மிகவும் மூத்தவர்கள். பஃபெட் அலுவலகச் சுவரில் கொலம்பியா பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. கார்னகி வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது. அவர் செய்ததில் கவனிக்க வேண்டியது, தான் நன்றாக அறிந்த ஒரே விஷயத்தைப் பற்றி வாரந்தோறும் பேச ஓர் இடத்தைத் தேடிக்கொண்டதுதான்.

இதற்கு நேர் எதிரான கதை லண்டனுடையது. ஜெரால்ட் ராட்னர் பிரிட்டனில் மலிவு விலை நகைக்கடைச் சங்கிலியின் முதலாளி. குடும்பக் கடைகளை ஏற்று நடத்தி, அட்லாண்டிக் கடலின் இருபுறமும் 2,000க்கு மேற்பட்ட கடைகளாகப் பெருக்கியவர். மேடையில் நகைச்சுவையாகப் பேசிப் பழகியவர். 1991 ஏப்ரல் 23 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த நிறுவன இயக்குநர்கள் மாநாட்டில் பேசினார். தன் கடையில் மதுக்குடுவையும் ஆறு கிளாஸும் தட்டோடு 4.95 பவுண்டுக்குக் கிடைப்பதைக் குறிப்பிட்டு, எப்படி அவ்வளவு மலிவாக விற்க முடிகிறது என்று கேட்கிறார்கள், அது சுத்தக் குப்பை என்பதால்தான் என்றார். கடையில் விற்கும் கம்மல், இறால் சாண்ட்விச்சைவிட மலிவு, ஆனால் சாண்ட்விச் அளவுக்குக்கூட உழைக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். அரங்கம் சிரித்தது. சாண்ட்விச் நகைச்சுவை அவர் ஏற்கெனவே பல இடங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியதுதான்.

மறுநாள் பத்திரிகைகளில் அதைப் படித்தவர்கள், அந்தக் கம்மலை மனைவிக்கும் காதலிக்கும் வாங்கிக் கொடுத்தவர்கள். நிறுவனத்தின் பங்கு மதிப்பில் ஏறத்தாழ 50 கோடி பவுண்டு கரைந்தது. 1992இல் ராட்னர் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு நிறுவனமே தன் பெயரை சிக்னெட் என்று மாற்றிக்கொண்டது. அன்றைக்காவது செய்தியாளர் எழுதிப் பத்திரிகை அச்சாக ஓர் இரவு ஆயிற்று. இப்போது முன்வரிசைக்காரர் கையிலேயே கேமரா இருக்கிறது.

நட்சத்திர ஹோட்டல் அரங்குகளில் இரண்டு நாளில் மேடை பயத்தை விரட்டுவதாகச் சொல்லி நடக்கும் பயிலரங்குகள், கேட்பவரை மறக்கும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கண்ணாடி முன் நின்று நான் வெற்றியாளன் என்று கத்துவதில் கிடைக்கும் வேகம், கேட்பவர் யார் என்று யோசிக்கும் பழக்கத்தைத் தருவதில்லை. சொல்லப்போனால் நடுக்கத்தை முழுக்க விரட்ட வேண்டிய அவசியமே இல்லை. உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பேசுகிறவர் தன் பதற்றம் வெளியே அப்பட்டமாகத் தெரிவதாக நினைக்கிறார். கேட்பவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டு மேடையேற்றியபோது பலர் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

தேவைப்படுவது அடிக்கடி, சின்னக் கூட்டத்தில், தப்பு செய்தாலும் வியாபாரம் போகாத இடத்தில் பேசிப் பார்ப்பது. 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம் இதை ஒழுங்காகச் செய்கிறது. நேரம் தீரப்போகிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு காட்ட ஒருவர். ‘ஆ’, ‘ம்’ எத்தனை முறை வந்தது என்று எண்ண ஒருவர். பேச்சை எடைபோட்டுச் சொல்ல இன்னொருவர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் உண்டு. கோவை, சென்னை வணிகர்கள் காலை ஏழு மணிக்கே கூடும் பிஎன்ஐ என்ற வணிகர் அமைப்பின் கூட்டங்களில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்குள் தன் தொழிலைச் சொல்லி, தனக்கு எந்த மாதிரி வாடிக்கையாளர் வேண்டும் என்று கேட்டாக வேண்டும். ஒரு வருடம் போய்வந்த அச்சகக்காரர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். தன் தொழிலை அவர் எவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறார் என்பது தெரியும். ஆனால் உறுப்பினர் கட்டணம் கொஞ்சநஞ்சம் அல்ல. தெருமுனை இன்ஜினியரிங் ஒர்க்ஷாப்காரருக்கு அது எட்டாது.

ஆங்கிலக் கவலை தனி. வெளிநாட்டு பையரிடம் பேச வேண்டிய திருப்பூர்க்காரருக்கு ஆங்கிலம் வேண்டும்தான். அதுவும் அளவு, தரம், தேதி சொல்லும் அளவுக்கு. உள்ளூர் வங்கி மேலாளரிடமும் சொந்தத் தொழிலாளர்களிடமும் பேசும்போது ஆங்கிலச் சொல் தேடித் தடுமாறுவது வீண்வேலை.

தொழில் சங்கங்கள் நினைத்தால் இதைச் செலவில்லாமல் செய்யலாம். மாதாந்திரக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஐந்து நிமிடம் தன் தொழிலில் அந்த மாதம் வந்த ஒரு சிக்கலை மட்டும் சொல்லட்டும். பிறகு பத்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். விளிப்புரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். பெர்க்‌ஷயர் ஹாத்வே என்ற தன் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பஃபெட் பல ஆண்டுகள் மணிக்கணக்கில் செய்ததும் பங்குதாரர்களின் கேள்விக்குப் பதில் சொன்னதுதான். கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது நம் முதலாளிகளுக்கும் தினமும் கல்லாவில் பழகிய வேலை. வருகிற ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரின் வாழ்த்துரையிலிருந்து கால் மணி நேரத்தை வெட்டி, இதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம்.