எல்லாத் தேதியும் ஒரே கறுப்பு

கணினி காலண்டரில் 2026 ஆகஸ்ட் மாதத்தைத் திறந்து பாருங்கள். அந்த மாதம் சனிக்கிழமையில் பிறக்கிறது. ஞாயிறில் தொடங்கும் கட்டமென்றால் முதல் வரிசையின் ஏழு பெட்டிகளில் ஆறு ஜூலைக்குப் போய்விடும், கடைசி வரிசையில் ஐந்து செப்டம்பருக்கு. 42 பெட்டிகளில் 11 அயல் மாதத்துத் தேதிகள். மேலே வெள்ளிக்கிழமையில் ஒரு 31, கீழே திங்கட்கிழமையில் இன்னொரு 31. அயல் தேதிகள் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தவரை எது எந்த மாதம் என்று கண் தானாகப் பிரித்துக்கொண்டது. எங்கள் அலுவலக மென்பொருளுக்குப் புதிய அப்டேட் வந்தபிறகு இரண்டு 31-ம் ஒரே கறுப்பு, ஒரே பருமன். ஏன் இப்படி என்று கேட்டால், ‘அணுகல்தன்மை விதிப்படி மாற்றியிருக்கிறோம்’ என்று பதில் வருகிறது.

எனக்கு அந்த விதியின்மேல் கோபம் இல்லை. அதன் பெயரைச் சொல்லிச் செய்திருக்கும் வேலையைப் பார்த்துத்தான் வயிறெரிகிறது.

விதி நல்ல விதி. 2008 டிசம்பரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 வழிகாட்டு நெறிகள், சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். நல்ல பார்வை உள்ளவர்களுக்குப் பழைய தரநிலைகள் 3 போதும் என்று வைத்திருந்தன. பார்வைக் கூர்மை 6/12 அளவுக்குக் குறைந்தவரும் படிக்க வேண்டும் என்று அதை ஒன்றரை மடங்காக்கினார்கள். 80 வயதை ஒட்டியவர்களுக்குப் பொதுவாக இருக்கும் பார்வை அது. வெள்ளெழுத்து வந்த எனக்கே அந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். இணையத்துக்காக எழுதியதைக் கணினி மென்பொருள்களும் எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 4.5 என்பது கீழ் எல்லை. வெள்ளையில் சுத்தக் கறுப்பு 21. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடக்கிறது! வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் 4.54 பெற்றுத் தேறிவிடும். 777777 என்றால் 4.48, தேறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அயல் மாதத் தேதிக்கு 595959 வைத்தால் 7-க்கு 1 வந்துவிடும்; அது விதியின் மேல்நிலைத் தரம். எண்ணைக் கொஞ்சம் சிறிதாக்கி, பெட்டிக்கு மெல்லிய சாம்பல் பின்னணி கொடுத்தாலும் கான்ட்ராஸ்ட் 6-க்குக் கீழே இறங்காது. படிக்கவும் முடியும், நடப்பு மாதமும் முன்னே தெரியும். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் கறுப்பில் முக்கி எடுத்தால் சோதனைக் கருவி பச்சை டிக் காட்டும், அவ்வளவுதான்.

இதனால் பாதிக்கப்படுவது கண் நன்றாகத் தெரிகிறவர்கள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார், குறைபார்வை உள்ளவர். திரை உருப்பெருக்கியை வைத்துத்தான் வேலை பார்ப்பார். பழைய வெளிறிய எண்களைப் பற்றி வருஷக்கணக்காகப் புகார் சொன்னவர் அவர்தான். அப்டேட் வந்ததும் ஆசையோடு போய்க் கேட்டேன். “எண்ணு பளிச்சுன்னு தெரியுது தம்பி. ஆனா எந்த மாசத்து எண்ணுன்னு தெரியலையே” என்றார். அவர் திரையை எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. பெரிதாக்கிய திரையில் மூன்று நான்கு பெட்டிகள்தான் தெரிகின்றன. மாதத்தின் பெயர் எங்கோ மேலே, பார்வைக்கு வெளியே. முதல் வரிசையா கடைசி வரிசையா என்பதும் தெரியாது. இது அயல் தேதி என்பதை அந்தப் பெட்டியே சொல்ல வேண்டும். ‘ஜூலை 31’ என்று மாதப் பெயரோடு போட்டால்கூடப் போதும். யாருக்காகச் செய்ததாகச் சொல்கிறார்களோ, அவருக்கே உதவவில்லை.

இதைச் சொன்னால் உடனே எதிர்த்தரப்பு ஒன்று கிளம்பி வரும்: ‘பார்த்தீர்களா, பழைய வெளிறல்தான் அழகு’ என்று. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. செயலற்ற பொத்தான்களுக்கு விதியில் கான்ட்ராஸ்ட் விலக்கு உண்டு. அயல் மாதத் தேதிகளும் செயலற்றவைதானே என்று அதில் ஒண்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்தத் தேதியைச் சொடுக்கினால் திறக்கிறது, அதில் மீட்டிங் போட முடிகிறது. பிறகு எப்படிச் செயலற்றதாகும்?

மீட்டிங் என்றதும் நிறப்பட்டைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆரஞ்சுப் பட்டையில் வெள்ளை எழுத்து 2-க்கு 1 கூடத் தேறாது. எழுத்தைக் கறுப்பாக்கியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும், 10-ஐத் தாண்டும். இவர்கள் எழுத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டுப் பட்டைகளை இருட்டடித்தார்கள். ஆரஞ்சு பழுப்பாகிவிட்டது, பச்சை பாசி நிறமாகிவிட்டது, சிவப்பு அரக்காகிவிட்டது. அலுவலகம், வீடு, விடுப்பு என்று பிரித்து வைத்ததெல்லாம் அடுத்தடுத்து நின்றால் ஒரே சாயல். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவருக்கு முன்பு வெளிச்சத்திலாவது கொஞ்சம் வித்தியாசம் இருந்தது, அதுவும் போயிற்று. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதே என்பதும் அதே நெறிகளில் உள்ள விதிதான். அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அமாவாசைக்கு நிறைந்த கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெற்று வட்டம். நிறம் பிரிக்கத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். விடுப்புக்கு ஒரு சின்னம், உறுதியாகாத மீட்டிங்குக்குப் புள்ளிக்கோட்டு விளிம்பு என்று கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

கட்டத்தின் கோடுகளும் தடித்துவிட்டன. 2018-ல் வந்த 2.1 பதிப்பு, புரிந்துகொள்ளத் தேவையான வரைகலைப் பகுதிகளுக்கு 3-க்கு 1 கேட்கிறது. ‘தேவையான’ என்பதைத் தாண்டிக் குதித்து அரைமணிக் கோடு ஒவ்வொன்றையும் கறுப்பாக்கியிருக்கிறார்கள். வாரப் பார்வையைத் திறந்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மீட்டிங்குகள்.

இத்தனைக்கும் விண்டோஸிலேயே கான்ட்ராஸ்ட் தீம் இருக்கிறது, மேக்கில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் வசதி இருக்கிறது. கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பவர் அதை ஏற்கெனவே தன் கணினியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த அமைப்பைப் பார்த்து நடந்துகொண்டால் அவருக்கும் நிறைவு, மற்றவருக்கும் தொந்தரவில்லை. அக்காவின் கணினியில் அந்தத் தீமைப் போட்டால் எங்கள் மென்பொருளில் பட்டைகளின் நிறம் மொத்தமாக மறைந்து எல்லா மீட்டிங்கும் ஒரே வெள்ளைக் கோட்டுப் பெட்டியாகிவிடுகிறது. அந்தத் தீமில் ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அடுத்த பதிப்பு வருவதற்குமுன் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அக்கா வரத் தயாராக இருக்கிறார். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.