கொழுந்துக்கு நிதி உண்டு, குழந்தைக்கு எங்கே?

இலங்கைத் தேயிலையை உலகச் சந்தையில் விளம்பரப்படுத்துவதற்கென, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 ரூபா 50 சதம் கட்டணத்தை 2010ஆம் ஆண்டில் அரசு விதித்தது. தேயிலையின் பெயரைக் காக்க நிதி திரட்டத் தெரிந்த நாட்டுக்கு, அத்தேயிலையைக் கொய்வோரின் மக்கள் கற்க நிதி திரட்டத் தெரியாதா? மஸ்கெலியா மண்ணில் நின்று இதனைக் கேட்கிறோம்.

வரலாறு கூறுவதென்ன? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 6 முதல் 10 வயது வரை தாய்மொழிக் கல்வி, அவ்வளவே! அதன்பின் கொழுந்துக் கூடை காத்திருந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு ஒளியூட்டியபோதும் மலைநாட்டு லயங்கள் அவ்வொளிக்குப் புறம்பே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. இத்தனை கால இழப்பை ஆண்டுதோறும் கிள்ளிக் கொடுக்கும் ஒதுக்கீடு ஈடு செய்யுமா? நிலையான நிதி வேண்டும்.

1947இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. அதனை நன்றியுடன் போற்றுகிறோம். ஆயினும் உதவித்தொகை ஒரு மாணவனைக் கைதூக்கிவிடும். ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலையை அது உயர்த்தாது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தைப் பாருங்கள். பாடசாலைகள் முதலிய பொது நிறுவனங்களுக்கென ஒதுக்கிய நிலங்களின் எண்ணெய், எரிவாயு வருவாயைச் சேமித்த நிலைநிதி அங்குண்டு. அதிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு 1.25 வீதம் கூடுதலாக எடுத்துக் கல்விக்குச் செலவிடலாமா என்று 2022 நவம்பரில் மக்களிடமே கேட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேர் ‘ஆம்’ என்றனர். முதல் கரைந்துவிடுமே என்று அஞ்சியோர்க்கும் விடை இருந்தது: நிதியின் சராசரி மதிப்பு 1,700 கோடி டொலருக்குக் கீழே இறங்கினால் அக்கூடுதல் தொகை நின்றுவிடும்.

அங்கே எண்ணெய், இங்கே தேயிலை. 2023, 2024 ஆகிய ஒவ்வோராண்டிலும் 24 கோடி கிலோவுக்கு மேல் ஏற்றுமதியானது. கிலோவுக்கு 1 ரூபா ஒதுக்கினால் ஆண்டுக்கு 24 கோடி ரூபா. 10 ஆண்டுகளில் 240 கோடி ரூபா முதலாகும். முதலைத் தொடாது அதன் வருவாயை மலையகப் பாடசாலைகளுக்குச் செலவிடுக. அந்த ஒரு ரூபாவைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எவரும் பறிக்காவண்ணம் சட்டமே காவல் நிற்கட்டும்.

பழைய மஸ்கெலியா நகரையே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குக் கொடுத்து, நாட்டுக்கு மின்னொளி தந்த மண் இது. இம்மண்ணின் மக்கள் 1948, 1949 ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள்வரை போராடி அவற்றை மீட்டனர். அவ்வாறு மீட்ட வாக்கை மாலைக்கும் மேடைப் பேச்சுக்கும் கொடுத்துவிடுவதா? வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “எங்கள் பிள்ளைகளின் கல்விக்குக் கிலோவுக்கு ஒரு ரூபா தரப் பாராளுமன்றத்தில் கை உயர்த்துவீரா?”

உயர்த்துவேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கே நம் வாக்கு!