கடல் மட்டுமா ஏறுகிறது?

மாணவர்களே, கோல சிலாங்கூர் கரையோரத் தோட்டங்களுக்குள் கடல்நீர் ஏன் புகுகிறது என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் எழுதுகிறார்கள்: புவி வெப்பமடைகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கிறது. பதில் சரிதான். புள்ளியும் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அது பாதிக் கதை. கடல் ஏறுகிற அதே நேரத்தில் நம் நிலம் இறங்குகிறது. அதை இறக்கியவர்கள் நாம்தான்.

புக்கிட் மலாவத்திக் குன்றில் ஏறியிருப்பீர்கள். குரங்குகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று சுற்றிலும் பாருங்கள். குன்று பாறை. அதைச் சுற்றியுள்ள சமவெளியோ சேறு படிந்து உண்டானது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. இன்று செம்பனையும் நெல்லும் விளையும் இடத்தில் பெரும்பகுதி அப்போது கடல்.

இந்தச் சேற்றைக் கொண்டுவந்தது ஆறு. மலையில் கரைந்த மண்ணை அது சுமந்து வருகிறது. கடலைத் தொட்டதும் ஏன் கீழே போட்டுவிடுகிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் களிமண் கலங்கிய நீரை ஒரே அளவு ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். உப்பு போட்ட குவளைதான் முதலில் தெளியும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளலைத் தணித்துவிடுகின்றன. துகள்கள் ஒட்டிக்கொண்டு, கனத்து, அடியில் படிகின்றன. சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நடப்பதும் இதுதான். எதிரே சுமத்ரா தீவு காவல் நிற்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலைகள் குறைவு. படிந்த சேறு அங்கேயே தங்க இது உதவுகிறது. அதன்மேல் முதலில் அப்பி-அப்பி மரம் முளைக்கும், பிறகு பாக்காவ் வரும். அவற்றின் வேர்கள் மேலும் சேற்றைப் பிடிக்கும். கரை கடலை நோக்கி நகரும்.

ஆறு சுமக்கும் மண்ணின் அளவையும் மனிதர்கள் மாற்றியிருக்கிறார்கள். இதே ஆற்றின் மேல்பகுதியில் இருந்த பழைய கோல குபுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1883-இல் அங்கே ஓர் அணை உடைந்து பேரழிவு ஏற்பட்டது. பிறகு ஈய லம்பங்களிலிருந்து வந்த மண் ஆற்றை மேடாக்கியது. வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரையே மாற்றி, 1930-ஆம் ஆண்டு வாக்கில் கோல குபு பாருவைக் கட்டினார்கள். இப்போது அந்த ஊருக்கு அருகிலேயே 2000-களின் தொடக்கத்தில் கட்டிய சிலாங்கூர் ஆற்று அணை இருக்கிறது. நமக்குக் குடிநீர் வேண்டும், அணையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, வண்டலையும் தேக்குகிறது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது 1917-இல், பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். (பெயரைக் கவனித்தீர்களா?) கரையோரத்தில் பயிர் செய்ய வேண்டுமானால் முதலில் உப்புநீரைத் தடுக்க வேண்டும். அதற்காக மண்கரை எழுப்பினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், மதகு வைத்தார்கள். கடல் வற்றும்போது மதகு திறந்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றும். கடல் பெருகும்போது மூடிக்கொள்ளும். எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. நம் தாத்தா பாட்டிகள் பலர் இந்த மண்ணில் உழைத்துத்தான் குடும்பங்களைக் கரையேற்றினார்கள்.

ஆனால் மண்கரை கட்டிய நாளிலிருந்து உள்ளே புதுச் சேறு வருவது நின்றது. வடிந்த நிலம், ஈரப் பஞ்சு காய்வதுபோல் சுருங்கத் தொடங்கியது. உள்பகுதியில் ராஜா மூசா போன்ற இடங்களில் இருப்பது கரிமண், அதாவது மக்காத தாவரக் குவியல். அதன் நீரை வடித்தால் காற்று புகும். நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும். மண் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். வடித்த கரிமண் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. உலகக் கடல் மட்டமோ ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. சென்டிமீட்டரையும் மில்லிமீட்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்! கரையோரக் களிமண் அவ்வளவு வேகமாகத் தாழாது, ஆனாலும் அதுவும் தாழ்கிறது. நிலம் தாழத் தாழ, மதகு திறந்திருக்கும் நேரம் குறையும். பிறகு பம்பு வைத்துத்தான் நீரை இறைக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருக்கில் கரை உடைந்தால், உள்ளே வந்த உப்புநீர் எளிதில் வெளியே போகாது.

வங்காளதேசத்தில் இதே பாடம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1960-களில் அங்கே டெல்டாத் தீவுகளைச் சுற்றி மண்கரை கட்டினார்கள். உள்நிலம் வெளியே இருக்கும் காட்டைவிட ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோனது. 2009-இல் ஐலா புயலில் கரைகள் உடைந்தன, மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆனால் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் அளந்தார்கள். உடைந்த கரை வழியே வந்த அலையேற்றம், இரண்டே ஆண்டில் உள்ளே பல பத்து சென்டிமீட்டர் வண்டலைப் படியவைத்திருந்தது.

நம் மண்கரைகளை உடைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உள்ளே வீடுகள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெருக்குக்குப் பிறகும் கரையை இன்னும் ஓர் அடி உயர்த்திவிட்டு நிம்மதியாக இருப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. கரைக்கு வெளியே இருக்கும் பாக்காவ் காட்டை அகலமாக விட்டுவைக்க வேண்டும். அலையின் வேகத்தை உறிஞ்சுவதும் புதுச் சேற்றைப் பிடிப்பதும் அதுதான். காடு மெலிந்தால் அலை நேரே மண்கரையை அறுக்கும். உடைந்த கரையைச் சில இடங்களில் கொஞ்சம் உள்தள்ளிக் கட்டி, காட்டுக்கு இடம் கொடுப்பதும் செய்யக்கூடியதே. தோட்ட நிர்வாகங்களுக்கு இது பிடிக்காது, சில வரிசை மரங்கள் போகும்.

கன்று நடும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒன்று. பள்ளியிலிருந்து பேருந்தில் போய், சேற்றில் இறங்கி, பாக்காவ் கன்றுகளை நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அலை அரித்துக்கொண்டிருக்கும் வெறும் சேற்றில் நட்டால் அவற்றில் பல அடித்துச் செல்லப்படும். அடுத்த முறை உங்களை அழைத்துப் போகிறவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த இடத்தில் சேறு படிகிறதா, அரிக்கிறதா? முன்பு இங்கே எந்த மரம் நின்றது? ஆறு மாதம் கழித்து வந்து உயிரோடு இருக்கும் கன்றுகளை யார் எண்ணப் போகிறார்கள்?