தோட்டா அடைக்கிற மெஷினும் பேங்க்காரன் கணக்கும்

அக்கா பையன் டல்லாஸில் இருக்கிறான். ஹெச்-1பி, கல்யாணமாகி நாலு வருஷம், ரெண்டு வயசில் ஒரு பெண் குழந்தை. போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, ப்ரோக்ரஸிவ் பிரஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு டாலர் ஆகும். ஒர்த்தா இல்லையான்னு நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லணும்."

எங்க ஊர் சாத்தூர். சிவகாசிப் பக்கம் பிரஸ் என்றால் காலண்டர் அடிக்கிற ஆஃப்செட் பிரஸ்தான். இவன் கேட்டது அதுவல்ல. சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, மறுபடி மருந்து அடைத்துப் புதுத் தோட்டாவாக்குகிற மெஷின். அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்ச் சுடுகிற நம்ம பையன்களும் இப்போது இதில் இறங்குகிறார்கள் என்று கேள்வி. அவனுக்குச் சொன்னதை விரிவாகவே எழுதிவிடுகிறேன். அங்கே பிள்ளைகள் இருக்கிற பெற்றோர்களும் படிக்கட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒரு தோட்டாவில் நாலு சமாச்சாரம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் (தீபாவளித் துப்பாக்கியில் போடுகிற பொட்டு கேப்பின் பெரியண்ணன்), உள்ளே மருந்து, தலையில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். அதை மறுபடி அளவுக்கு அழுத்தி, பழைய பிரைமரைத் தள்ளி, புதுசு வைத்து, மருந்து போட்டு, குண்டை உட்கார்த்தி இறுக்க வேண்டும். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். டரட் பிரஸ்ஸில் கூடு நின்ற இடத்தில் நிற்கும், மேலே இருக்கிற அச்சுகள் ஒவ்வொன்றாகச் சுற்றி வரும்; நாலு இழுப்புக்கு ஒரு தோட்டா. ப்ரோக்ரஸிவில் நாலைந்து கூடுகள் ஒரே தட்டில் வட்டமாக நிற்கும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் எல்லாக் கூட்டிலும் ஒவ்வொரு வேலை நடக்கும், இழுப்புக்கு ஒரு தோட்டா வெளியே விழும். மணிக்கு நானூறு ஐந்நூறு சாதாரணம்.

ஆசை வராமல் இருக்குமா?

பேங்க்கில் யார் லோன் கேட்டு வந்தாலும் மெஷின் கொட்டேஷனை முதலில் பார்க்க மாட்டோம். கே.ஒய்.சி. முதலில். வந்திருக்கிற ஆள் யார், இந்தத் தொழில் செய்ய அவருக்கு உரிமை இருக்கிறதா? இவன் விஷயத்தில் அங்கேயே ஃபைல் நின்றுவிடுகிறது.

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 மாதிரி தற்காலிக விசாவில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். விதிவிலக்குகள் உண்டு. பலரும் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. "நான் துப்பாக்கியே வாங்கலியே மாமா, ஃப்ரெண்டுது. நான் மருந்து மட்டும்தானே அடைக்கப் போறேன்" என்றான். சிக்கல் அங்கேதான். அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் கூடு, பிரைமர், குண்டு, மருந்து நாலுமே தனித்தனியாக அடங்கும். மெஷின் வெறும் இரும்பு, அதை யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற பிரைமர் டப்பா ஒன்றே போதும். தண்டனை 2022-க்குப் பிறகு பதினைந்து வருஷம் வரை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வாங்கினால் நாடு கடத்தவும் குடியேற்றச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. இத்தனை வருஷம் ஐ-140, பிரையாரிட்டி டேட் என்று காத்துக் கிடந்தது எதற்கு?

ஃப்ளோரிடாவில் ரெஹைஃப் என்று ஒரு அரபு நாட்டு மாணவர். காலேஜ் வெளியே அனுப்பியதில் விசா அந்தஸ்து போனது. ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. தன் அந்தஸ்து என்ன என்பது அவருக்கே தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 2019-ல் தீர்ப்பு. சட்டம் படிப்பவர்களுக்குப் பெரிய தீர்ப்புதான். ஆனால் ஹெச்-1பி ஸ்டாம்பை பாஸ்போர்ட்டில் வைத்துக்கொண்டு "என் அந்தஸ்து எனக்குத் தெரியாது" என்று யார் சொல்ல முடியும்?

ஆக அவனுக்கு என் பதில், முறையான வேட்டை லைசன்ஸ் எடுத்து, ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளாமல் இந்தப் பேச்சே கூடாது என்பது. வேட்டை லைசன்ஸ் எடுக்கப் பெரிய செலவில்லை. வக்கீல் செலவு கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை, பிராசஸிங் ஃபீஸ் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இனி கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் வாங்கிய நம்மவர்களுக்காகக் கணக்கு. கடையில் ஒரு 9 எம்.எம். தோட்டா இருபத்தைந்து சென்ட், வீட்டில் அடைத்தால் பதினேழு என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறும் இறங்கும், வித்தியாசம்தான் முக்கியம். எட்டு சென்ட் மிச்சம். மெஷின், அச்சுகள், தராசு, கூடு கழுவுகிற டிரம், காலிப்பர் எல்லாம் சேர்த்து 1,200 டாலர். போட்ட காசு திரும்ப 15,000 தோட்டா அடைக்க வேண்டும். மாதம் இருநூறு சுடுகிற ஆளுக்கு இது ஆறே கால் வருஷம். மாதம் ஆயிரம் சுடுகிற போட்டிக்காரருக்குப் பதினைந்தே மாதம். அதே கணக்கில் 250 டாலருக்கு ஒரு சின்ன செட் எடுத்தால் 3,125 தோட்டாவில் காசு வந்துவிடும். மாதம் இருநூறு என்றால் ஒன்றேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. டரட் பிரஸ்ஸில் நிதானமாக அடைத்தாலும் மாதம் இருநூறுக்கு ரெண்டு மணி நேரம் போதும். ரெண்டு மணி நேர வேலையை அரை மணி நேரமாக்க ஆயிரம் டாலர் கூடுதல் முதலீடா? எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதில் கொட்டேஷனில் வராத செலவும் உண்டு. வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற வேண்டுமென்றால் ப்ரோக்ரஸிவில் தட்டு, அச்சு, சில்லறைச் சாமான் என்று ஒவ்வொரு அளவுக்கும் தனி செட். மருந்தும் பிரைமரும் ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி. அந்தக் கட்டணத்தைப் பரத்துவதற்காக மொத்தமாக வாங்கத் தோன்றும். நம்ம பாஷையில் வொர்க்கிங் கேபிடல் முடக்கம். 2020-லிருந்து ஒன்றிரண்டு வருஷம் அமெரிக்காவில் பிரைமரே கிடைக்காமல் விலை எகிறியது. ஆயிரக்கணக்கில் முதலீடு செய்த மெஷின்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றன. இன்னொன்று, இது எல்லோரும் ஒத்துக்கொள்கிற ரகசியம்: தோட்டா மலிவானால் யாரும் மிச்சம் பிடிப்பதில்லை, அதிகமாகச் சுடுகிறார்கள் :-)

சரி, நிஜமாகவே மாதம் ஆயிரம் சுடுகிற ஆள் என்றால்? அப்போது ப்ரோக்ரஸிவ் நியாயம். அதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. டில்லன் கம்பெனியின் 550-ல் தட்டைக் கையால் சுற்ற வேண்டும். அவர்களின் எக்ஸ்எல் 750, ஹார்னடியின் லாக்-என்-லோட் மாதிரியானவற்றில் தானாகச் சுற்றும், ஐந்து ஸ்டேஷன். கையால் சுற்றுவது நிதானம்தானே, பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கையால் சுற்ற மறந்துவிட்டுக் கைப்பிடியை மறுபடி இழுத்தால் ஒரே கூட்டில் ரெண்டு தடவை மருந்து விழும். அடுத்த நாள் துப்பாக்கி கையிலேயே சிதறலாம். தானாகச் சுற்றுவதில் அந்தத் தப்பு வராது. ஆனால் ஏதாவது சிக்கி, பாதியில் நிறுத்தி, பிரித்து மாட்டும்போது எந்தக் கூட்டில் மருந்து இருக்கிறது என்ற கணக்கு போய்விடும். மருந்தே இல்லாத தோட்டாவும் ஆபத்துதான். பிரைமரின் வேகத்தில் குண்டு குழலில் பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். அதனால் குண்டு வைப்பதற்கு முந்தைய ஸ்டேஷனில் மருந்தின் மட்டம் பார்த்துக் கத்துகிற கருவி ஒன்று போடுவார்கள். ப்ரோக்ரஸிவ் வாங்குகிறவர் அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நகைக்கடன் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த எடை விவகாரம் புரியும். மருந்தை 'கிரெயின்' என்று அளக்கிறார்கள். ஒரு கிரெயின் 65 மில்லிகிராம், குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவில் போவது ரெண்டு மூன்று குன்றிமணி எடைதான். பெரிய கூட்டில் அது அடியில் கிடக்கும், ரெட்டிப்பாக விழுந்தாலும் வெளியே தெரியாது. அந்த நேரத்தில் போன் அடித்தால்? குழந்தை அழுதால்? நம்ம வீடுகளில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் ஒரு அறையில் உட்கார முடியுமா, சொல்லுங்கள். டரட்டோ சிங்கிள் ஸ்டேஜோ நம்மவர்களுக்குப் பொருத்தம் என்று நான் சொல்வது காசுக் கணக்கால் மட்டும் அல்ல. ஒரு நேரத்தில் ஒரே கூடுதான் பொறுப்பு. அல்லது ஐம்பது கூட்டையும் ஒரே பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுக் குண்டை வைக்கலாம். எழுந்து போய் வந்தாலும் கணக்கு தப்பாது.

அடுத்தது வீடு. பிரைமரில் ஈயம் இருக்கிறது. சுட்ட கூட்டைக் குலுக்கிக் கழுவுகிற தூசியில் அது பறக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. அமெரிக்காவின் சி.டி.சி. 2021-ல் கவனிக்க வேண்டிய அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று இன்னும் கீழே இறக்கியது. தவழ்கிற குழந்தை இருக்கிற ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில், கார்ப்பெட் தரையில், இந்த வேலை கூடாது. கராஜ் வேண்டும், ஈரத்தில் கழுவ வேண்டும், கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அடுப்படித் தராசைத் தொடவே கூடாது. மருந்து வீட்டில் இருபது பவுண்டு வரை, பிரைமர் பத்தாயிரம் வரை என்று அங்கே தீயணைப்பு விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது; அதுவும் வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும், வேறு பாட்டிலில் மாற்றக் கூடாது. வாடகை ஒப்பந்தமும் இன்ஷூரன்ஸும் இதைவிடக் கறாராக இருக்கலாம், படித்துப் பார்க்கட்டும்.

எங்க ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021. அதெல்லாம் ஷெட்டு ஷெட்டாகத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும், ஒரு அறையில் இத்தனை கிலோ, இத்தனை ஆள் என்று விதி எழுதி வைத்திருக்கிற தொழில். வீட்டுத் திண்ணையில் வைத்து மருந்து அடைத்தவர்கள் கதை தனி. துப்பாக்கி மருந்து பட்டாசு மருந்து மாதிரி இல்லை, திறந்த இடத்தில் வெடிக்காது, எரியத்தான் செய்யும் என்று பையன் எனக்குப் பாடம் எடுத்தான். உண்மைதான். பிரைமர் அப்படி இல்லையே.

"நம்ம ஊர்லயே கூர்க்ல லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்காங்களே, நீங்க இருக்கிறதே கர்நாடகாலதானே" என்று மடக்கினான். வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் எங்கள் கிளையில் கொடவர் ஒருவர் இருந்தார். செப்டம்பரில் கைல்பொல்து பண்டிகைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டு வருவார், நம்ம ஆயுத பூஜை மாதிரி. 1861-ல் வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு 1963-ல் மத்திய அரசு அறிவிப்பாகத் தொடர்ந்தது. 2019-ல் பத்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள், 2029 அக்டோபர் வரை. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-ல் கர்நாடக ஹைகோர்ட் ஏற்கவில்லை. ஆனால் அந்த விலக்கு வைத்திருப்பதற்கு. வீட்டில் தோட்டா உற்பத்தி செய்வதற்கு அல்ல. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாத தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். எங்கள் கிளை வாசலில் நிற்கிற எக்ஸ்-சர்வீஸ்மேன் கார்டின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குக்கூட ஒவ்வொரு தோட்டாவும் ரெஜிஸ்டரில் இருக்கும், எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை.

அமெரிக்காவில் முறைப்படி சுடுகிறவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு விஷயம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையையே கேபின் பையாகவோ, பிள்ளையின் டயப்பர் பையாகவோ எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஓரத்து ஜிப்பில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இங்கே ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட்ட கதைகள் நிறைய. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1994-லேயே நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, அதை வைத்து ஹைகோர்ட்டுகள் பல வழக்குகளை ரத்தும் செய்திருக்கின்றன. அது நடந்து முடிவதற்குள் லீவு முடிந்து, ரிட்டர்ன் டிக்கெட் போய், பாஸ்போர்ட் எங்கே என்று அலைய வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிடுங்கள். சுட்ட கூடு என்றாலும் சரி, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.