கூலியிலே மட்டும் ஏன் குறை?



வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடும் இருக்கன்குடியிலே, ஆடிக் கடைசி வெள்ளியன்று திரளும் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். மாரியம்மன் முன்னே, "தாயே!" என்று உருகி நிற்பார் பட்டாசு ஆலை அதிபர். (உருகட்டும், அவர் பக்தியோடு எனக்கு வழக்கில்லை.) மறுநாள் ஆலையிலே திரி செருகும் தாய்மாருக்கோ குறைந்த கூலி! ஏனய்யா என்றால், "மருந்து கலப்பவன் ஆண், அது திறமை வேலை, பெண் பார்ப்பது வெறும் கைவேலை" என்பார். கைவேலையாம்! 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் மூண்ட தீ, ஆண் பெண் என்று பிரித்தா எரித்தது?

1976-இல் வந்தது சம ஊதியச் சட்டம். அதைக் கொண்டு வழக்காடினார் பம்பாயிலே சுருக்கெழுத்தராக இருந்த ஆட்ரி டி'காஸ்டா. 1987-இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது; கொடுக்க வகையில்லை என்ற சாக்கையும் தள்ளிற்று. ஒப்பிட்டுக் காட்ட அவருக்கு அதே அலுவலகத்தில், அதே வேலை பார்த்த ஆண்கள் இருந்தனர். இங்கேயோ ஆணுக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை, வேலைக்கு வெவ்வேறு பெயர்! ஒப்பிட ஆளே இல்லாதபடி செய்துவிட்டால் சட்டம் எதைப் பற்றும்? 2019-இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும், 'ஒரே வேலை அல்லது ஒத்த வேலை' என்ற அதே வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது.

ஆனால், ஆளெடுப்பிலும் பேதம் கூடாதென்கிறது அச்சட்டம். அதிபர்களே, உங்கள் ஆலைகளில் போர்மேன் எத்தனை பேர் பெண்கள்? பதிவேட்டைக் கொண்டுவந்து சாத்தூரிலே, மக்கள் முன்னே விரியுங்கள்!