அபராதத்தையும் குத்தகைக்கு விடலாமா?



ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை உண்டு. சந்தையில் சுங்கம் வசூலிக்கக் குத்தகை உண்டு. புளியமரத்துக் காய்க்கும் குத்தகை உண்டு. குத்தகை எடுத்தவர் போட்ட முதலை எடுக்கத்தான் பார்ப்பார். அது அவர் தொழில், அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், தண்டம் விதிக்கும் அதிகாரமும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டால்? வண்டி நிறுத்துவது பற்றி நம் மாணவர்கள் படும் தொல்லைகளுக்கு இதுவே வேர் என்பது என் கருத்து.

டில்லியில் படிக்கும் நம்மில் பலர் பழைய ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வைத்திருக்கிறோம். மாநகராட்சியின் வண்டி நிறுத்துமிடங்களைத் தனியார் டெண்டர் எடுத்து நடத்துகின்றனர். சாலையில் தவறாக நிறுத்திய வண்டியைத் தூக்கிச் செல்வது வேறு வேலை. நாட்டின் பல நகரங்களில் அதற்கும் தனியார் கிரேன்களும் தனியார் ஆட்களும் வந்துவிட்டனர். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

முதலாமவர், பலகையில் எழுதியுள்ள கட்டணத்தை வாங்கலாம். “அபராதம்” என்று சொல்லி மேலே கேட்க மோட்டார் வாகனச் சட்டம் அவருக்கு எந்த அதிகாரமும் தரவில்லை. இரண்டாமவரின் நிலை என்ன? 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அகற்ற, சீருடையிலுள்ள, அவ்விடத்தில் அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி அனுமதி தரலாம் என்கிறது. இழுத்துச் செல்லும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். ஆக, கயிறு கட்டுபவர் தனியாராக இருக்கலாம். கட்டச் சொல்பவர் தனியாராக இருக்க முடியாது. அபராதத்துக்கும் வரம்பு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, நடப்பது என்ன? விடுதி நண்பர் ஒருவரின் ஸ்கூட்டரைச் சென்ற பருவத்தில் தூக்கிப் போனார்கள். பலகை ஏதும் அங்கே இல்லை என்கிறார் அவர். இருந்ததா இல்லையா என்று வாதாட அவருக்கு இந்தி வரவில்லை; எதிரே நின்ற ஆளுக்கு ஆங்கிலம் வரவில்லை. சீருடை அணிந்தவர் எவரும் கண்ணில் படவில்லை. கேட்ட தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, ரசீது கூட வாங்காமல் வண்டியை மீட்டு வந்தார். சாப்பாட்டுக் கணக்குக்கு வைத்திருந்த பணம் அது! அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு நாள் வகுப்பை விட்டு நீதிமன்றம் போக யாருக்கு மனம் வரும்? வாதாடும் செலவு அபராதத்தை விஞ்சும் என்பதை நம்மைவிடக் குத்தகைக்காரர் நன்றாக அறிவார். வண்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், ஐயத்துக்குரிய வண்டியை விட்டுச் செல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

பெங்களூரு இதைப் பட்டறிந்தது. அங்கே போக்குவரத்துப் போலீசார் தனியார் வண்டிகளைக் கொண்டு இவ்வேலையை நடத்தினர். அறிவிப்புச் செய்யாமலே தூக்குகிறார்கள், வண்டிகள் சேதமாகின்றன என்று மக்களின் புகார்கள் பெருகின. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசே அதை நிறுத்தி வைக்க நேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் நின்ற வண்டிகளுக்குச் சக்கரப் பூட்டு மாட்டிப் பணம் கறக்கும் தொழில் ஒன்று தழைத்திருந்தது. 2012 அக்டோபரில் அதைக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். சீட்டு அனுப்பிப் பணம் கேட்கும் உரிமை மட்டும் தனியாருக்கு மிஞ்சியது.

“நாம் ஒழுங்காக நிறுத்தினால் இந்தப் பேச்சே எழாதே!” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நூலக வாயிலை அடைத்து நிறுத்தும் நம்மவரை நானும் பார்த்திருக்கிறேன். அவருக்காக நான் வாதாட வரவில்லை. குற்றம் செய்தவர் 500 ரூபாய் கட்டட்டும். ஆனால், குற்றம் நடந்ததா என்று சொல்பவர் அதனால் வருவாய் பெறாதவராக இருக்கவேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். அந்த இடத்திலேயே அபராதம் கட்டி முடித்தால், 200ஆம் பிரிவின்படி வழக்கு அத்துடன் தீர்ந்துபோகிறது. பிறகு மறுப்புக்கு இடமில்லை. மறுக்க எண்ணுபவர் பணம் கொடுக்கும் முன்பே சலான் கேட்கவேண்டும். எந்தப் பிரிவு, எந்த இடம், எத்தனை மணி, எந்த அதிகாரி என்பவை அதில் இருக்கவேண்டும். வண்டி நின்ற இடத்தையும் பலகை இருக்கிறதா என்பதையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டில்லியில் இணையவழி நீதிமன்றத்திற்கு வரும் சலான்களில், கட்டுவதா எதிர்த்து வழக்காடுவதா என்று தேர்ந்துகொள்ள இடமுண்டு. வழக்காடுவதைத் தேர்ந்தால் அது வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். நிறுத்துமிடத்தில் கூடுதலாகப் பணம் பிடுங்கினால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை விலை கொடுத்த சேவைகள் பற்றிய புகார்களுக்கு அங்கே கட்டணமே இல்லை.

சீட்டின் பின்புறம் “உரிமையாளர் பொறுப்பு” என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. 1998இல் டில்லி ஓட்டல் ஒன்றில் சாவி கொடுத்து ஒப்படைத்த கார் திருட்டுப் போயிற்று. அச்சடித்த அந்த வாசகம் ஓட்டலைக் காப்பாற்றாது என்று உச்சநீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. இருபத்தோரு ஆண்டுகள்! நீதி கிடைத்தது, கார் பழங்கதையாயிற்று. சாவியை வாங்காத தெருவோர நிறுத்துமிடத்துக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அச்சில் வந்ததெல்லாம் சட்டமாகிவிடாது.

தனி ஒருவருக்குச் சுமையாக இருப்பது சங்கத்துக்குச் சுமையன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். நம் வளாகத்தைச் சுற்றியுள்ள நிறுத்துமிடங்களின் குத்தகை நிபந்தனைகள் யாவை, அனுமதித்த கட்டணம் எவ்வளவு, எத்தனை பலகைகள் வைக்கவேண்டும், வண்டி தூக்குபவருக்கு மாதக் கூலியா வண்டிக் கூலியா என்று நான்கு கேள்விகளை எழுதியிருக்கிறேன். சட்டம் பயிலும் நண்பர்கள் இருவர் அதைத் திருத்தித் தர இசைந்திருக்கிறார்கள். ரசீதோ சலானோ வைத்திருப்பவர்கள் அதன் படி ஒன்றை இம்மாத இறுதிக்குள் சங்க அறையில் சேர்த்துவிட்டால், எந்தெந்தத் தெருவைக் குறித்துக் கேட்பது என்பது முடிவாகிவிடும்.