முஸல்லாவை நனைத்த பூனை



சில மாதங்களுக்கு முன் ஒருநாள், மஃரிபுக்குப் பிந்திய வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். பத்து வயது மதிக்கத்தக்க மாணவி ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். "ஹஜ்ரத், பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டால் பாவமா?" என்று கேட்டாள். யார் விடப்போகிறார்கள் என்றேன். "வாப்பாதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு."

ஒரே வாரத்தில் மூன்று முறை அந்தப் பூனை தொழுகை விரிப்பில் சிறுநீர் கழித்துவிட்டதாம். இரண்டு முறை அடி வாங்கியது. மூன்றாம் முறை தீர்ப்பு வந்துவிட்டது.

அவளுடைய தந்தையை எனக்குத் தெரியும். கல்நெஞ்சர் அல்லர். வீட்டில் வயதான தாயார் ஐவேளையும் அந்த விரிப்பில்தான் தொழுகிறார். பூனையின் சிறுநீர் நஜீஸ் என்பதில் ஐயமில்லை. அதன் வாடை எளிதில் போவதுமில்லை. அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நஜீஸ் பட்டால் மார்க்கம் சொல்லும் வழி கழுவுவதுதான். விரிப்பைக் கழுவலாம், தரையைக் கழுவலாம், வேறிடத்தில் தொழலாம். பூனைக்குத் தண்டனை என்று எந்த ஃபிக்ஹு நூலிலும் நான் படித்ததில்லை. மார்க்கக் கடமை எதுவும் சுமத்தப்படாத உயிர் அது. முஸல்லா என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. மெத்தென்ற துணி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

பூனையைப் பற்றி நம் பயான்களில் இரண்டு செய்திகள் அடிக்கடி வரும். பூனையை நேசிப்பது ஈமானில் ஒரு பகுதி என்று ஒன்று. அது இட்டுக்கட்டப்பட்ட செய்தி என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறிவிட்டார்கள். முஅஸ்ஸா என்ற பூனை உறங்கியதால் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையை வெட்டிக்கொண்டு எழுந்தார்கள் என்பது மற்றொன்று. அதற்கும் ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல இனிமையாக இருக்கிறது என்பதற்காக நபியவர்கள் மீது இல்லாததைச் சொல்லலாகாது.

புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கும் செய்தி வேறு. பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட காரணத்தால் ஒரு பெண் நரக வேதனைக்கு ஆளானாள். இந்த ஹதீஸை உணவு கொடுக்காத குற்றம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஆனால் அதில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. அவள் உணவு கொடுக்கவில்லை. அதுவாகத் தேடித் தின்ன வெளியே விடவும் இல்லை. இன்று நம் வீட்டுப் பூனைகளுக்கு மீன் கிடைக்கிறது, பால் கிடைக்கிறது. வயிறு நிறைந்ததும் நம் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுகிறோம். போக்கிடம் இல்லாமல் ஒடுங்கிக் கிடக்கும் உயிரைப் பற்றியும் அந்த ஹதீஸ் பேசுகிறது என்றே நான் கருதுகிறேன்.

இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தின்போது தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகை அடித்துக்கொண்டு சுற்றியது. வெளியே சென்றிருந்த நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்து அதைக் கண்டார்கள். குஞ்சுகளை எடுத்து அதைத் துயரப்படுத்தியது யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பறவை பேசவில்லை. அது சிறகடித்த விதத்தைப் பார்த்தே அவர்கள் அறிந்துகொண்டார்கள். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் செய்தியும் அதே நூலில்தான். அதன் காதுக்குப் பின்புறம் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்திவிட்டு, பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்கியதற்காக உரிமையாளரைக் கண்டித்தார்கள். அது நபிமார்களுக்குரிய அற்புதம், நமக்கு எப்படி வாய்க்கும் என்று சிலர் கேட்பர். ஒட்டகம் முறையிட்டது அற்புதம்தான். ஆனால் உரிமையாளரைக் கண்டித்தது அவருக்கு அற்புதம் வாய்க்கவில்லை என்பதற்காக அன்று. அன்றாடம் அதனுடன் இருந்தவர் அல்லாஹ்வை அஞ்சி நடக்கவில்லை என்பதற்காக.

பூனையின் அச்சத்தை அறிவது ஒட்டகத்தைவிடக் கடினம். தன்னைவிடச் சிறியதை வேட்டையாடும் பூனை, தன்னைவிடப் பெரியதற்கு இரையும் ஆகும். ஆகவே நோவையும் பயத்தையும் மறைப்பது அதன் இயல்பு. நாய் அஞ்சினால் ஊளையிடும். பூனை பெரும்பாலும் அடங்கிப்போகும். "சாதுவாகிவிட்டது" என்று நாம் மகிழும்போது அது நடுங்கிக்கொண்டிருக்கக்கூடும். வெளிச்சத்திலும் கண்மணிகள் விரிந்திருக்கின்றனவா, காதுகள் பக்கவாட்டில் சாய்ந்து தலையோடு ஒட்டியிருக்கின்றனவா, நான்கு கால்களையும் உடலுக்கடியில் இழுத்து வாலைச் சுற்றிக்கொண்டு தலை தாழ்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அது உறக்கம் அன்று. பகலெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்து, எல்லோரும் உறங்கிய பிறகே தின்ன வருவதும் அடையாளம். ஒரே இடத்தை ஓயாமல் நக்கி வயிற்றில் ரோமம் உதிர்ந்து போவதும் அடையாளம். வாலை இப்படியும் அப்படியும் அடிப்பது நாய் வாலாட்டுவதைப் போன்றதன்று. போதும், விலகு என்று பொருள். சீறுவதையும் நாம் திமிர் என்கிறோம். அருகில் வராதே என்ற கெஞ்சலுக்கு அதனிடம் வேறு குரல் இல்லை. உர்ரென்ற மெல்லிய ஓசை எழுப்பினால் இன்பமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நோவில் இருக்கும் பூனையும் அந்த ஓசையை எழுப்புவதுண்டு.

பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு வேடிக்கை பார்த்திருப்பீர்கள். பூனை தின்றுகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு வெள்ளரிக்காயை வைக்கிறார்கள். அது திரும்பிப் பார்த்துத் துள்ளி விழுகிறது. வீடே சிரிக்கிறது. அதன் பிறகு அந்தத் தட்டருகே அமைதியாக வந்து தின்ன அது எத்தனை நாள் தயங்கும் என்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

இனி என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தது. ஒருநாள் முற்றத்திலும் கூடத்திலும் மாறி மாறிக் குந்தியது. சிறுநீர் வந்த தடமே இல்லை. சேட்டை என்று எண்ணித் துடைப்பத்தால் விரட்டினேன். மறுநாள் மாடிப்படிக்கடியில் போய்ப் படுத்தது. ஒதுங்கிவிட்டது, நல்லது என்று ஓதக் கிளம்பிவிட்டேன். அடுத்த நாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது அது விறைத்துக் கிடந்தது. பின்னர் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோதுதான் விளங்கியது. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நான் விரட்டியது சாகும் நோவில் துடித்த உயிரை. அந்த ஹதீஸை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிப்படி நினைவுக்கு வரும்.

அதனால்தான் அன்று இஷா முடிந்ததும் அந்தச் சிறுமியின் தந்தையைப் பள்ளிவாசல் வாசலிலேயே பிடித்தேன். பாவமா, இல்லையா என்று ஃபத்வா எதுவும் சொல்லவில்லை. சிறுநீர் நன்றாகப் போகிறதா என்றுதான் முதலில் கேட்டேன். சொட்டுச் சொட்டாக, பல தடவை போகிறது என்றார். பிறகு வீட்டு நிலவரத்தைக் கேட்டேன். மூத்த மகளுக்கு நிக்காஹ் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பத்து நாள் வீடு நிறைய விருந்தினர். பூனையின் மணல் தட்டு மாடிப்படிக்கடியில் இருந்ததாம். செருப்பு வைக்க இடம் வேண்டும் என்று அதை மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டார்கள். உறவுக்காரப் பிள்ளைகள் பூனையை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வாசலில் வேட்டு வேறு. விருந்தினர் போன பிறகும் தட்டு மாடியிலேயே இருந்தது. அங்கே ஒரு தெருப்பூனையும் வந்து போனது.

"பயத்தில் மூத்திரம் போகுமா ஹஜ்ரத்?" என்றார் அவர். போகும். அச்சமும் மனநெருக்கடியும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் அழற்சியையே உண்டாக்கிவிடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. மணல் தட்டில் அமரும்போது வலித்தால் அந்தத் தட்டையே அது வெறுக்கும். மெத்தென்ற துணியைத் தேடும். அந்த நேரத்தில் அடித்தால் அச்சம் இரட்டிப்பாகும், சிறுநீரும் கூடுதலாகும். தான் செய்ததற்கான தண்டனை அந்த அடி என்று பூனைக்கு விளங்குவதில்லை. இந்த மனிதர் வந்தால் அடி விழும் என்பது மட்டுமே விளங்குகிறது.

சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விடுவதை "அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டோம்" என்று சொல்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மீன் கழிவு கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்களின் கணக்கு. வீட்டில் வளர்ந்த பூனை அறியாத இடத்தில், அங்கே ஏற்கெனவே உரிமை கொண்டாடும் பூனைகளுக்கும் நாய்களுக்கும் நடுவே என்ன செய்யும்? மார்க்கெட் வழியாகப் போய்வருகிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் அவர் பூனையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சாக்கில் அன்று, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், மகளின் பழைய துப்பட்டாவை விரித்து. அடைப்பு இல்லை, சிறுநீர்ப்பையில் அழற்சி என்றார் மருத்துவர். மருந்து கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கவும் சொன்னார். இரண்டு நாள் தின்னாமல் கிடந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் எச்சரித்தார். பட்டினி நீண்டால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும். மணல் தட்டு பழைய இடத்துக்கே திரும்பியது. விரிப்பை வாடை அடியோடு போகும்வரை அலசினார்கள்; சிறிது மீந்திருந்தாலும் பூனை அந்த இடத்தையே தேடி வரும். ஒளிந்திருந்தால் இழுக்காதீர்கள், உயரமான ஓர் இடத்தை அதற்கென்று விட்டுவிடுங்கள் என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

போன வாரம் அந்தப் பிள்ளையிடம் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வாப்பா வீட்டுக்குள் வந்தால் முன்னைப் போல் ஓடுவதில்லையாம், ஆனால் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னும் உட்காருவதில்லையாம். பாட்டி தொழுது முடித்ததும் முஸல்லாவை மடித்துப் பீரோவின் மேல் வைத்துவிடுகிறார்கள். "பூனையும் இப்போது அங்கேதான் படுக்கிறது ஹஜ்ரத்" என்றாள்.